மதராசில் கிளம்பிய புகை

துபாயோ, தம்மாமோ, மஸ்கட்டோ, வளைகுடாவில் எந்த ஊரானாலும் சரி. வடமேற்கிலிருந்து ஷமால் காற்று மணலை வாரிக்கொண்டு வரும் நாட்களில் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் கூட்டம் கூடிவிடும். கட்டட வேலை பார்ப்பவர், லாரி ஓட்டுபவர், மளிகைக் கடைப் பையன், பள்ளிப் பிள்ளை எல்லோரும் நெஞ்சு விம்ம வந்து உட்கார்ந்திருப்பார்கள். கடுமையான வீசிங் என்றால் செவிலியர் முகத்தில் ஒரு மாஸ்கை மாட்டி நெபுலைசரை ஓடவிடுவார். மருந்து வெண்புகையாக எழும்பும். அந்தப் புகையில் பெரும்பாலும் இரண்டு மருந்துகள் கலந்திருக்கும். ஒன்று சால்பியூட்டமால். அதன் பெயர் எல்லோருக்கும் தெரியும். மற்றது இப்ராட்ரோபியம். இதன் பெயரைக் கவனிப்பவர்கள் குறைவு. நம் ஊர் டுவோலின் குப்பியில் இருப்பதும் இதே ஜோடிதான்.

இந்த இப்ராட்ரோபியத்தின் பிறப்பைத் தேடிப் பின்னோக்கிப் போனால் சென்னையில் கொண்டுபோய் விடுகிறது. அதுவும் ஒரு ஊமத்தஞ்செடியின் அடியில்.

வளைகுடாவில் வாழும் நம்மவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அங்கே தமிழர்கள் பகிர்ந்துகொள்ளும் அறைகளில் இன்ஹேலரைப் பற்றி ஒரு பயம் பரவிக் கிடக்கிறது. "அதைத் தொட்டால் பழகிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் விட முடியாது" என்பார்கள். அதனால் ஊரிலிருந்து வரும்போதே ஆடாதோடைப் பொடி, தூதுவளைப் பொடி, திப்பிலி எல்லாம் பெட்டியில் ஏறிவிடுகின்றன. தீர்ந்துபோனால் துபாய் தேராவின் மசாலா சூக்கில் (சந்தையில்) கருஞ்சீரக எண்ணெய், கோஷ்டம், ஓமானின் லுபான் பிசின், யேமன் தேன். இப்போது அவையே பளபளக்கும் குப்பிகளில் மாத்திரையாகவும் வருகின்றன. இயற்கை ஒரு பக்கம், இங்கிலீஷ் மருந்து இன்னொரு பக்கம் என்று கோடு போட்டுக்கொண்டு இயற்கையின் பக்கம் நிற்பதாக நினைக்கிறோம். அந்தக் கோட்டை மூச்சு மருந்தின் வரலாறு எங்கேயும் போட்டிருக்கவில்லை.

ஊமத்தை நமக்குப் புதிதில்லை. சிவனுக்குச் சாத்தும் பூ அது. சித்த மருத்துவத்தில் அதன் இலைச்சாற்றில் காய்ச்சும் மத்தன் தைலம் ஆறாத புண்ணுக்குப் பூசப்படுகிறது. கூடவே அது விஷம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். வழிப்போக்கருக்குச் சோற்றில் அதன் விதையை அரைத்துக் கலந்து கொடுத்து, மயங்கியபின் கொள்ளையடித்த கதைகள் வெள்ளையர் காலத்து வழக்குப் பதிவுகளில் நிறையவே உண்டு. அரபு மருத்துவர்களும் அதை அறிந்திருந்தார்கள். இப்னு சீனாவின் பெருநூலில் ஊமத்தங்காய் ஒரு மயக்குப் பொருளாக இடம்பெறுகிறது. இந்த விஷத்தை உலர்த்திக் கொளுத்தி, அதன் புகையை இழுத்தால் இரைப்பு தணியும் என்பது இந்திய வைத்தியர்களின் அறிவு. யார் முதலில் கண்டது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கப்பட்டது அதற்குப் பிறகு நடந்தது.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். ஸ்காட்லாந்துக்காரர். மருத்துவத்தைவிடச் செடிகளின் மேல் பைத்தியம். சைதாப்பேட்டையில் ஒரு தோட்டம் வைத்து, சிவப்புச் சாயம் தரும் பூச்சிகளுக்காகச் சப்பாத்திக்கள்ளி வளர்த்தார். பட்டுப்பூச்சிக்காக முசுக்கொட்டை நட்டார். இந்த ஊர் மக்கள் எந்தச் செடியை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று விசாரித்துக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்த மனிதர். அவருக்கு ஊமத்தைப் புகை தெரிந்திருந்ததில் வியப்பில்லை. வேரையும் தண்டின் அடிப்பகுதியையும் உலர்த்தி, நறுக்கி, குழாயில் புகைப்பது முறை. மதராசில் பணியாற்றிய ஜெனரல் ஜென்ட் என்பவருக்கு ஆஸ்துமா. ஆண்டர்சன் அவருக்கு அதைப் பரிந்துரைத்தார். 1802இல் ஜென்ட் அந்த மூலிகையை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். எடின்பரோவில் டாக்டர் சிம்ஸ் என்பவரிடம் அது போய்ச் சேர்ந்தது. சிம்ஸ் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்.

கொண்டுபோன சரக்கு தீர்ந்ததும் ஒரு கேள்வி எழுந்தது. மதராஸ் ஊமத்தையின் உடன்பிறப்பு ஒன்று இங்கிலாந்தின் குப்பைமேடுகளிலேயே முளைத்துக் கிடந்ததே, அதைப் புகைத்தால் என்ன? புகைத்தார்கள். அதுவும் வேலை செய்தது. அடுத்த பத்தாண்டுக்குள் லண்டன் மருத்துவ இதழ்களில் ஊமத்தைப் புகை பற்றிய கடிதங்கள் குவிந்தன. வருடக்கணக்கில் நாற்காலியிலேயே தூங்கியவர்கள் படுத்துத் தூங்க முடிகிறது என்று எழுதினார்கள். இரைப்புள்ளவர்களுக்குத்தான் படுத்துத் தூங்குவது என்றால் என்னவென்று தெரியும். அந்தக் கடிதங்களின் பரவசம் பொய்யில்லை.

மறுத்தவர்களும் இருந்தார்கள். ராபர்ட் பிரீ என்ற மருத்துவர், தாமும் ஆஸ்துமாக்காரர், இரைப்பைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். பல நோயாளிகளிடம் இதைச் சோதித்துவிட்டு, பெரும்பாலோருக்கு நிலையான பலன் இல்லை, சிலருக்குத் தீங்கு என்று எச்சரித்தார். அவர் சொன்னது கேட்கப்படவில்லை. ஆனால் இந்தக் கதையில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியவர்களில் அவர் ஒருவர். மருந்து கிடைத்த மகிழ்ச்சியில் ஊரே இருக்கும்போது யாருக்கு, எவ்வளவு, என்ன கெடுதி என்று எண்ணிப் பார்த்தவர்.

பிறகு வியாபாரிகள் வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் "ஆஸ்துமா சிகரெட்" என்று பெட்டி பெட்டியாக விற்பனை. தட்டில் கொளுத்தி முகர்வதற்குப் பொடிகளும் வந்தன. பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் சிறுவயது முதல் இரைப்பால் அவதிப்பட்டவர். எஸ்பிக் சிகரெட்டும் லெக்ரா பொடியும் அவருடைய அறையை எப்போதும் புகையால் நிரப்பியிருந்தன. இந்தச் சிகரெட்டுகள் திரும்பவும் கப்பலேறி இந்தியாவின் மருந்துக்கடைகளுக்கே வந்தன. மதராசின் புகை சீமைப் பெட்டியில் அடைந்து மதராசுக்கே விலைக்கு வந்தது.

அந்தப் புகை ஏன் வேலை செய்தது? இதற்கு விடை கிடைக்க நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1833இல் ஜெர்மானிய வேதியியலார் ஊமத்தைக் குடும்பத்துச் செடிகளிலிருந்து அட்ரோபின் என்ற நஞ்சைத் தனியே பிரித்தெடுத்தார்கள். 1921இல் மருந்தியலாளர் ஆட்டோ லோவி தவளை இதயங்களை வைத்துச் செய்த சோதனையில், வேகஸ் நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் தன் கட்டளையை அனுப்புகிறது என்று தெரிந்தது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். இதே நரம்புதான் நுரையீரலின் மூச்சுக்குழாய்களுக்கும் போகிறது. அசிட்டைல்கோலின் போய்ச் சேர்ந்தால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி அதிகம் சுரக்கிறது. ஆஸ்துமாக்காரருக்குத் தூசியோ குளிரோ பட்டால் இந்தக் கட்டளை அளவுமீறிப் பாய்கிறது. அட்ரோபின், அசிட்டைல்கோலின் போய் உட்கார வேண்டிய இடத்தில், பூட்டுத் துளையில் வேறொரு சாவி ஒடிந்து நின்றுவிட்டதைப்போல, தான் உட்கார்ந்துகொள்கிறது. கட்டளை வந்தாலும் தசைக்கு எட்டுவதில்லை. இறுக்கம் தளர்கிறது.

சிக்கலும் அதே இடத்தில்தான் இருந்தது. அசிட்டைல்கோலினுக்கு உடம்பில் நுரையீரல் மட்டுமா வீடு? கண், உமிழ்நீர்ச் சுரப்பி, இதயம், சிறுநீர்ப்பை, மூளை எல்லா இடத்திலும் அதற்கு வேலை உண்டு. ஊமத்தைப் புகையை இழுத்தவருக்கு மூச்சு இலகுவானது. கூடவே வாய் வறண்டது, பார்வை மங்கியது, நெஞ்சு படபடத்தது. அளவு கூடினால் புத்தி பேதலித்தது. 1676இல் அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலச் சிப்பாய்கள் ஊமத்தைக் கீரையைச் சமைத்துத் தின்றுவிட்டுப் பதினோரு நாள் பிதற்றிக்கொண்டு திரிந்த செய்தி ஒரு பழைய நூலில் பதிவாகியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. ஒரே செடியில் வேருக்கும் இலைக்கும் விதைக்கும் நஞ்சின் அளவு வேறு. மழைக்காலச் செடிக்கும் கோடைச் செடிக்கும் வேறு. இன்று நிம்மதி தந்த அதே பிடி நாளை மயக்கத்தில் தள்ளலாம். அமெரிக்காவில் 1960களில் இளைஞர்கள் போதைக்காக இந்த ஆஸ்துமா பொடிகளை விழுங்க ஆரம்பித்தபோது, அவை தாராளமாகக் கிடைத்த காலம் முடிந்தது.

அதற்குள் வேறு மருந்துகளும் வந்துவிட்டன. அட்ரினலின் ஊசி 1900களின் தொடக்கத்திலேயே இரைப்புக்குப் பயன்பட்டது. 1920களில் சீனத்து மா ஹுவாங் செடியின் எபெட்ரின். 1956இல் முதல் அழுத்த இன்ஹேலர். அதை உருவாக்கிய அமெரிக்க நிறுவனத்தின் தலைவருக்கு ஆஸ்துமாக்கார மகள் ஒருத்தி. கண்ணாடிக் குமிழை அமுக்கி அமுக்கிச் சலித்த அவள், தலைமுடிக்குத் தெளிக்கும் ஸ்பிரே மாதிரி இதையும் ஏன் செய்யக்கூடாது என்று அப்பாவிடம் கேட்டதிலிருந்து பிறந்தது அது. 1969இல் சால்பியூட்டமால். இவ்வளவுக்குப் பிறகு ஊமத்தை மறக்கப்பட்டிருக்க வேண்டும்.

மறக்காத ஓர் இடம் ஜெர்மனியின் போரிங்கர் இங்கெல்ஹைம் மருந்து நிறுவனம். அட்ரோபின் மூலக்கூறில் ஒரு நைட்ரஜன் அணு உண்டு. அதன்மேல் கூடுதலாக ஒரு சிறு கரிமத் தொகுதியை ஏற்றினார்கள். அதனால் அந்த அணு நிரந்தரமாக மின்னேற்றம் பெற்றது. கொழுப்புச் சுவர்களைத் தாண்டும் திறனை மூலக்கூறு இழந்தது. மூளைக்குள் நுழைய முடியாது. மூச்சுக்குழாயில் தூவினால் அங்கேயே பெரும்பாலும் தங்கி, ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். வழிநெடுகக் கைநீட்டிய நஞ்சை ஒரே வீட்டில் வேலை செய்ய வைத்தார்கள். 1970களின் நடுவில் இப்ராட்ரோபியம் மருந்துக்கடைக்கு வந்தது. மதராசின் குழாய்ப் புகைக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ 170 ஆண்டுகள்.

அதன் பூர்வீகம் இன்றும் எட்டிப் பார்ப்பதுண்டு. மாஸ்க் சரியாகப் பொருந்தாமல் மருந்து கண்ணில் பட்டுவிட்டால் அந்தக் கண்ணின் பாப்பா மட்டும் விரிந்து நிற்கும். கண் அழுத்த நோய் உள்ளவருக்கு அது ஆபத்து. அதனால்தான் அனுபவமுள்ள செவிலியர்கள் மாஸ்கை மூக்கின் மேல் அழுத்திப் பொருத்துகிறார்கள். ஊமத்தைச் சாறு பட்டால் கண் விரியும் என்று நம் ஊர் ஆடு மேய்ப்பவரும் சொல்வார்.

2002இல் இந்தக் குடும்பத்தின் அடுத்த பிள்ளை டியோட்ரோபியம் வந்தது. ஒரு நாளைக்கு ஒருமுறை இழுத்தால் போதும். இதைச் செய்யத் தேவையான ஸ்கோபோலமின் இன்றும் செடியிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் டுபோய்சியா என்ற மரத்தைத் தோட்டமாக வளர்த்து இலையைப் பறிக்கிறார்கள். அதுவும் ஊமத்தையின் குடும்பமே. ஷார்ஜா மருந்துக்கடையில் பளிச்சென்று அடுக்கியிருக்கும் பெட்டிக்குள் இருப்பது மூலிகையின் பேரப்பிள்ளை என்றால் மிகையில்லை.

வளைகுடாவில் நின்று பேசும்போது அரபு மண்ணின் பங்கைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் வாழ்ந்த யூத மருத்துவர் மைமோனிடஸ், இரைப்பால் வருந்திய ஓர் இளவரசனுக்காக அரபியில் ஒரு தனி நூலே எழுதினார். உணவு, உறக்கம், காற்று மூன்றையும் ஒழுங்குபடுத்தும்படி சொன்ன அந்த நூல், அதிசய மருந்து எதையும் வாக்களிக்கவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதைவிடப் பிந்திய ஒரு பிறப்பு. அதன் தாய் கெல்லா.

கெல்லா, நம் ஓமத்துக்கும் சீரகத்துக்கும் உறவுச் செடி. குடைபோல் விரியும் பூங்கொத்து காய்ந்தபின் அதன் காம்புகள் பல் குத்த உதவும். கசப்பான அதன் விதையை எகிப்தியர்கள் சிறுநீரகக் கல் வலிக்குக் காய்ச்சிக் குடித்துவந்தார்கள். அரபு நாட்டு மூலிகைக் கடைகளில் இன்றும் கேட்டால் எடுத்துத் தருவார்கள். 1879இலேயே அதிலிருந்து கெல்லின் என்ற பொருள் பிரிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதன் வலிமை தெரிந்தது 1940களில். கெய்ரோ பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்தவர் கிளெப் அன்ரெப். ரஷ்யர். பாவ்லோவின் மாணவர். அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு நெஞ்சுவலி உண்டு. அவர் சிறுநீரக வலிக்காகக் கெல்லா குடித்தபோது நெஞ்சுவலியும் போனது. அன்ரெப் அதைக் காதில் போட்டுக்கொண்டு விட்டுவிடவில்லை. தம் எகிப்தியத் தோழர்களோடு சோதித்து, 1946இலும் 1947இலும் கட்டுரைகள் வெளியிட்டார். இதய ரத்தக்குழாய்களும் மூச்சுக்குழாய்களும் தளர்வதை அவை காட்டின. ஆஸ்துமாவுக்கும் கெல்லின் கொடுத்துப் பார்த்தார்கள். குமட்டலும் வாந்தியும் தாங்க முடியவில்லை.

இங்கே உள்ளே வருகிறார் ராஜர் ஆல்டூனியன். 1922இல் பிறந்தவர். சிரியாவின் அலெப்போவில் தாத்தா நிறுவிய மருத்துவமனையைச் சுற்றி வளர்ந்த ஆர்மீனிய-ஆங்கிலக் குடும்பம். ஆர்தர் ரான்சம் 1930இல் எழுதிய சிறுவர் நாவலில் ராஜர் என்று வரும் சிறுவனுக்குப் பெயர் கொடுத்தவர் இவர்தான். இரண்டாம் உலகப் போரில் விமானப் பயிற்சியாளராக இருந்தார். பிறகு மருத்துவர். அவருக்கே ஆஸ்துமா இருந்தது. 1956இல் இங்கிலாந்தின் ஒரு மருந்து நிறுவனத்தில் சேர்ந்தபோது, அங்கே கெல்லினைப் போன்ற மூலக்கூறுகளைச் செய்து மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். சோதனை கினிப்பன்றிகளின்மேல் நடந்தது. ஆல்டூனியனுக்கு அதில் நம்பிக்கையில்லை. கினிப்பன்றியின் இரைப்பு வேறு, மனிதனின் இரைப்பு வேறு என்றார். சோதனைப் பிராணியாகத் தம்மையே வைத்துக்கொண்டார்.

அவருக்குக் கினிப்பன்றியின் முடி ஒத்துக்கொள்ளாது. அதை ஊறவைத்த நீரைத் தெளிப்பானில் இழுத்து வேண்டுமென்றே இரைப்பை வரவழைத்தார். முதலில் ஒரு புதிய மூலக்கூறு, பிறகு அந்த நீர், பிறகு மூச்சின் அளவு. இப்படி ஆண்டுக்கணக்கில், நூற்றுக்கணக்கான மூலக்கூறுகள். தன் மூச்சை இப்படிப் பணயம் வைத்த மனிதனைப் பற்றி எழுதும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. அந்த மூலக்கூறுகளில் சில மூச்சுக்குழாயை விரிக்கவே இல்லை. ஆனால் முன்கூட்டியே இழுத்திருந்தால் இரைப்பு வராமல் தடுத்தன. இது யாரும் தேடியிராத ஒன்று. பெரும்பாலும் இரைப்பு வந்தபின் தணிக்கும் மருந்துகளைத்தான் அதுவரை உலகம் அறிந்திருந்தது. 1965இல் கைக்கு வந்தது குரோமோகிளைகேட். 1967இல் லான்செட்டில் அதன் மருத்துவச் சோதனை வெளியாயிற்று. 1968இல் இன்டால் என்ற பெயரில் விற்பனை.

விழுங்கினால் அது குடலில் உறிஞ்சப்படாது. நெஞ்சுக்கே நேராகப் போக வேண்டும். அதற்கும் ஆல்டூனியனே வழி செய்தார். விமானத்தின் உந்துவிசிறி அவருக்குப் பழக்கம். மாத்திரைக் கூட்டைத் துளைத்து, மூச்சை இழுக்கும் வேகத்திலேயே ஒரு சிறு விசிறி சுழன்று பொடியைத் தூவும்படி ஒரு கருவி அமைத்தார். அதுதான் ஸ்பின்ஹேலர். இன்று வளைகுடாவிலும் நம் ஊரிலும் பலர் பயன்படுத்தும் பொடி இன்ஹேலர்களுக்கெல்லாம் அது முன்னோடி. 1970களில் ஸ்டீராய்டு இன்ஹேலர்கள் வந்து, அவை இன்னும் நன்றாக வேலை செய்ததால், குரோமோகிளைகேட் மெல்லப் பின்வாங்கியது. இன்று அதைப் பெரும்பாலும் ஒவ்வாமைக்கான கண் சொட்டு மருந்தாகப் பார்க்கலாம். அதே கெல்லினிலிருந்து பெல்ஜியத்தில் இன்னொரு மருந்தும் பிறந்தது. இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன். அது சிலருக்கு நுரையீரலையே கெடுக்கும் என்பதால் கவனமாகக் கொடுக்கிறார்கள். ஒரு விதையிலிருந்து நெஞ்சுக்கு நன்மையும் நெஞ்சுக்குக் கெடுதியும்.

நம் ஆடாதோடையும் இந்த வரிசையில் உண்டு. அதிலுள்ள வாசிசினை முன்மாதிரியாக வைத்து 1960களில் ஜெர்மனியில் புரோம்ஹெக்சின் வந்தது. அதன் வழியே அம்ப்ராக்சால். இரண்டும் கெட்டிச் சளியை நெகிழ்த்தும் மருந்துகள். இரைப்பை நிறுத்துபவை அல்ல. ஆடாதோடைக் கஷாயம் குடிப்பவர்கள் இந்த வேறுபாட்டை மனதில் வைத்தால் போதும். சளி கரைகிறது என்பதற்காக மூச்சுக்குழாயின் வீக்கம் குறைந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

இப்போது சூக்கின் அலமாரிக்கு வருகிறேன்.

கருஞ்சீரகத்துக்கு அரபு மக்களிடம் இருக்கும் மதிப்பு நாம் அறிந்ததே. அதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கவும் முடியாது. 2017இல் ஜித்தாவிலிருந்து வெளியான ஆய்வில், ஆஸ்துமாக்காரர்களுக்கு 500 மில்லிகிராம் கருஞ்சீரக எண்ணெய் மாத்திரையை நாளைக்கு இருமுறை, நான்கு வாரம் கொடுத்தார்கள். நோய் கட்டுக்குள் இருக்கும் அளவு ஓரளவு கூடியது. ஊதிப் பார்க்கும் மூச்சளவில் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. வழக்கமான சிகிச்சைக்குத் துணையாகத்தான் எண்ணெய் கொடுக்கப்பட்டது. இந்தக் கடைசி வாக்கியம் குப்பியின் மேல் அச்சாவதே இல்லை. 1998இல் ஜம்முவில் குங்கிலியப் பிசினை 40 பேருக்கு ஆறு வாரம், 300 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை கொடுத்தபோது 70 விழுக்காட்டினரிடம் முன்னேற்றம் தெரிந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் ஒரு சிறு ஆய்வு, குறுகிய காலம். ஊமத்தைப் புகைக்கும் தொடக்கத்தில் இப்படித்தான் கடிதங்கள் வந்தன. பிறகு யாராவது ஒரு பிரீ உட்கார்ந்து எண்ண வேண்டும், யாராவது ஓர் ஆல்டூனியன் தம் மூச்சில் அளக்க வேண்டும். கருஞ்சீரகத்துக்கும் குங்கிலியத்துக்கும் அந்தக் காலம் இன்னும் நிறைவாக வரவில்லை.

குங்கிலியத்தின் உறவுதான் ஓமானின் தோஃபாரில் விளையும் லுபான். ஊறவைத்த நீரை அங்கே குடிப்பார்கள். அதையே வீட்டில் புகையும் போடுவார்கள். அகில் கட்டையும் வாசனை எண்ணெயும் சேர்ந்த பகூர் புகை விருந்தினருக்கான மரியாதை. ஓமானில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு, பகூரால் ஆஸ்துமா புதிதாக வருவதாகச் சொல்லவில்லை. ஏற்கனவே ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு அந்தப் புகை இரைப்பைக் கிளப்புகிறது என்று கண்டது. நம் வீட்டுச் சாம்பிராணிக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். மூச்சிரைப்புள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் வெள்ளிக்கிழமைப் புகையைப் பிள்ளை பள்ளிக்குப் போனபிறகு, சன்னலைத் திறந்துவைத்துப் போட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது.

வளைகுடாவில் இரைப்பைக் கிளப்பும் பொருள்களில் ஒன்று நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கும் பழக்கமானது. சீமைக் கருவேலம். பாலையைப் பசுமையாக்க அங்கேயும் நட்டார்கள். அதன் மகரந்தம் வளைகுடாவின் ஒவ்வாமைச் சோதனைகளில் முன்னணியில் நிற்கிறது. ஏசியும் ஈரக் காற்றும் சேர்ந்த கடலோர அறைகளில் மெத்தைக்குள் தூசுப்பூச்சி வளர்கிறது. ஓர் அறையில் ஆறு பேர், எட்டு பேர் அடுக்குக் கட்டிலில் தூங்கும் இடத்தில் யார் மெத்தையை வெயிலில் போடுவது? குவைத்தில் 2016 டிசம்பரில் இடிமழை அடித்த இரவில், அதுவரை அந்த நாடு காணாத அளவில் இரைப்பு நோயாளிகள் மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். இறந்தவர்களும் உண்டு. மழையின் ஈரத்தில் மகரந்தம் உடைந்து பொடியாகி நுரையீரலின் ஆழம்வரை போவதே அதற்குக் காரணம் என்கிறார்கள். அந்த மாதிரி இரவில் எந்தப் பொடியும் எண்ணெயும் நேரத்துக்கு உதவாது.

இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயத்துக்கும் ஒரு வரி சொல்ல வேண்டும். தினமும் இழுக்கச் சொல்லும் ஸ்டீராய்டு இன்ஹேலர் வீக்கத்தைத் தணிக்கிறது. நிறுத்தினால் வீக்கம் திரும்புகிறது. அது அடிமைத்தனம் இல்லை, நோய் இன்னும் இருக்கிறது என்பதன் அடையாளம். இதற்கு மாறாக சால்பியூட்டமால் உள்ள நீலநிற இன்ஹேலரை மட்டுமே நம்பி, வீக்கத்தைக் கவனிக்காமல் விடுவதுதான் ஆபத்து. 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டி சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுத்து நடத்தும் சிகிச்சையைப் பரிந்துரைப்பதில்லை. அமீரகத்தில் 2025 ஜனவரி முதல் எல்லா எமிரேட்டுகளிலும் தனியார் ஊழியர்களுக்கும் வீட்டுப் பணியாளர்களுக்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். நெஞ்சு எக்ஸ்ரே என்றாலே டிபி என்று பயந்து இருமலை மறைக்கிற தம்பிகள் முதலில் அந்தக் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

போகும்போது சூக்கில் வாங்கிய குப்பியையும் கையோடு கொண்டுபோகட்டும். "மூன்று நாளில் இரைப்பு போகும்" என்று விற்கப்படும் பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அதை மாதக்கணக்கில் தின்றவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு நிலைகுலையும். மூட்டுவலிக்கென்று விற்கும் பொடியில் ஆஸ்பிரின் வகை மருந்து கலந்திருந்தால் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு அதுவே கடும் இரைப்பை வரவழைக்கும். துபாயில் விற்கும் துணை உணவுகள் நகராட்சியின் மொன்தாஜி பதிவில் இருக்க வேண்டும். பதிவு உண்டா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

தேன் கடைகளில் தேனோடு ராயல் ஜெல்லியும் மகரந்தமும் சேர்த்து, நெஞ்சுக்கு நல்லது என்று கொடுப்பார்கள். வாங்குபவர்களில் இரைப்புக்காரர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ராயல் ஜெல்லி தின்ற ஆஸ்துமாக்காரர்கள் சிலர் ஒவ்வாமையால் இறந்தபிறகு, ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உள்ளவர்களுக்குக் கடுமையான ஒவ்வாமையும் அரிதாக மரணமும் நேர்ந்திருக்கின்றன என்ற எச்சரிக்கையை அங்கே குப்பியின் மேலேயே அச்சிட வேண்டும் என்று சட்டம் வந்தது. தேராவிலோ கராமாவிலோ வாங்கிய குப்பியைத் திருப்பிப் பாருங்கள். அந்த வரி இல்லையென்றால், இரைப்புள்ளவர் கைக்கு அது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.